கொழும்பில் கரியில் சுடும் பாபிகியூ: பதினொரு பேருக்கு எங்கே போகலாம்?

வாவிக்கரை கேட்டது:

வணக்கம். நான் மட்டக்களப்பு, வேலை கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில். வருட முடிவுக் கணக்குகள் ஒருமாதிரி ஒப்பேறிவிட்டன. எங்கள் பிரிவு ஆக்கள் எல்லாரும் ஒரு இரவு வெளியே சாப்பிடலாம் என்று முடிவாகி, இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. “பாபிகியூ” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சொல்வது லேசு.

நாங்கள் பதினொரு பேர். மூன்று பேர் ஹலால் மட்டும். என்னையும் சேர்த்து நாலு பேர் மாட்டிறைச்சி தொடமாட்டோம். வத்தளையிலிருந்து வரும் தம்பி ஒருவருக்குப் பன்றி இல்லாவிட்டால் அது பாபிகியூவே இல்லையாம். ஒரு அக்கா வெள்ளிக்கிழமை சைவம். நாங்கள் போவது வெள்ளிக்கிழமை. மேலாளர் ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், நின்றுகொண்டு சாப்பிடும் இடம் சரிவராது.

போன வருடம் கொள்ளுப்பிட்டிப் பக்கம் குளிரூட்டிய கடையொன்றுக்குப் போனோம். பெரிய தட்டில் கோழி வந்தது, இனிப்புச் சோஸில் குளித்துக்கொண்டு. மேலே கறுப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல ஒரே இடைவெளியில். புகை மணம் துளியும் இல்லை. பில் மட்டும் மெனுவில் பார்த்ததைவிட கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடி வந்தது. கணக்காளர்கள் பதினொரு பேர் உட்கார்ந்து அந்தப் பில்லை ஆராய்ந்ததுதான் அன்று நடந்த ஒரே பொழுதுபோக்கு.

இந்த முறை ஆளுக்கு 4000 ரூபாய். நிஜமாகவே கரியில் சுடும் கடை வேண்டும். எங்கே போகலாம்? போய் நின்று பார்த்தவுடனே நல்ல கடையா இல்லையா என்று கண்டுபிடிக்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். இணையத்தில் நட்சத்திரம் பார்த்துப் போய்த்தான் போன வருடம் மாட்டினோம்.


கல்கிசை வாசி எழுதியது:

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? காலிமுகத்திடலுக்குப் போங்கள். நானாஸ் இருக்கிறது, பக்கத்தில் வேறு கடைகளும் இருக்கின்றன. கோழி, கொத்து, பராட்டா, நான் எல்லாம் கிடைக்கும். இருக்கக் கதிரை உண்டு, கடல்காற்று இலவசம். உங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகலாம். இறால் வடை வண்டிகளும் அங்கேதான், முன்னுக்கு அதில் தொடங்குங்கள்.

மீன் என்றால் எங்கள் ஊர்க் கடற்கரைக் கடைகள். பாரை, விளைமீன், கணவாய், எது வந்திருக்கிறதோ அதைக் காட்டச் சொல்லித் தெரிந்தெடுத்துச் சுடச் சொல்லலாம். நிறுத்து விலை சொன்ன பிறகு தலையாட்டுங்கள். முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகு விலை கேட்டால் கதை வேறு.

மே மாதத்துக்குப் பிறகு என்றால் மழையையும் யோசியுங்கள். தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இரண்டு இடத்திலும் தட்டு பறக்கும்.


கொட்டாஞ்சேனை கரிக்கடை எழுதியது:

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனையில் கரிக்கடை வைத்திருப்பவன். சிரட்டைக் கரி, விறகுக் கரி, விறகு, இதுதான் தொழில். பட்டா லொறியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பின்நேரம் கடை கடையாக இறக்குவேன். அதனால் எந்தக் கடையில் சோஸ் ருசி என்று என்னிடம் கேட்காதீர்கள், எந்தக் கடையில் நெருப்பு இருக்கிறது என்று கேளுங்கள். வாசலில் “சார்கோல் கிரில்” என்று பல்பு போட்டு எழுதி வைத்துவிட்டு மாதம் ஒரு மூட்டைகூட எடுக்காத இடங்கள் உண்டு. பெயர் சொல்லமாட்டேன். நாளைக்கு அவர்களும் என்னிடம் வரக்கூடும்.

2022இல் காஸ் தட்டுப்பாடு வந்து ஊரே வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றது ஞாபகம் இருக்கும். அதுவரை என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வந்து நின்றார்கள். காஸ் திரும்பி வந்தது, முக்கால்வாசிப் பேரைக் காணவில்லை. மிச்சக் கால்வாசி இன்றைக்கும் எடுக்கிறது. 2024 கடைசியில் தேங்காய் இருநூறு ரூபாயைத் தாண்டியபோது சிரட்டையும் கிடைக்காமல் கரி விலை ஏறியது. அப்போதும் முணுமுணுத்துக்கொண்டு எடுத்தார்கள். நான் என் வீட்டு ஆக்களைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போவது அந்தக் கால்வாசியில்தான்.

உங்களுக்கு என் பதில் கொழும்பிலுள்ள புதுக்கடை என்ற பகுதி. அப்துல் ஹமீத் தெரு. பகலில் அந்தப் பக்கம் உயர் நீதிமன்றமும் கறுப்புக் கோட்டும் கோவைக் கட்டும்தான். பொழுது பட்டதும் கோட்டெல்லாம் வீட்டுக்குப் போய், கதிரையும் மேசையும் தெருவுக்கு வந்துவிடும். கோழி, மாடு, பாபத் (மாட்டு இரைப்பை), கொத்து, பராட்டா, ஃபலூடா. அங்கே ஒரு கடையின் பெயரைச் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் இன்றைக்கு அடுப்பில் நிற்கும் கை நாளைக்கு எதிர்க்கடைக்கு மாறிவிடும், பெயர்ப்பலகை மட்டும் பழைய இடத்தில் இருக்கும். கையைப் பார்த்துப் போக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முதலில் ஒரு நடை நடந்துவிடுங்கள். பொடியன்மார் மெனுக் கார்டை நீட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள், சிரித்துக்கொண்டே நடங்கள். கண் கரியில் இருக்கட்டும். கரி மேலெல்லாம் சாம்பல் பூத்து உள்ளே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தால் அந்தக் கடை தயார். கரி இன்னும் கறுப்பாக இருந்து சுவாலை எழும்பினால் அவசரத்தில் மூட்டியிருக்கிறார்கள்; வெளித்தோல் கருகும், எலும்புப் பக்கம் பச்சையாக நிற்கும். படபடவென்று பொரி பறந்தால் ஈரக் கரி. அது என் கடைக் கரி இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிறகு அடுப்பில் நிற்பவரைப் பாருங்கள். நான் கரி இறக்கும் கடை ஒன்றில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். வாய் திறந்து ஒரு சொல் கதைக்கமாட்டார். பாதிக் கோழியை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி நடுவில் வைப்பார். கனநேரம் அப்படியே கிடக்கும். பிறகு ஓரத்துக்கு இழுப்பார், அங்கே சூடு குறைவு. தோல் பக்கத்தைக் கடைசியில்தான் நெருப்புக்குக் காட்டுவார். தோலிலிருந்து கொழுப்பு சொட்டும்போது சுவாலை எழும்பும், உடனே அட்டையால் வீசுவதை நிறுத்திவிட்டுக் கோழியைத் தள்ளி வைப்பார். சோஸ் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கும், தொடமாட்டார். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்புதான் தூரிகையால் ஒரு பூச்சு. சோஸில் சீனி இருக்கிறது, முதலிலேயே பூசினால் கரிந்து கசக்கும். முதலிலேயே பூசிப் பூசிச் சுடும் கடையைக் கண்டால் நேரே நடந்துவிடுங்கள்.

ஒரு விஷயம் பலருக்கும் பிழையாக விளங்கியிருக்கிறது. அந்தப் புகை மணம் கரியிலிருந்து வருவதில்லை. சிரட்டைக் கரிக்கு நல்ல சூடு, புகை மிகக் குறைவு. அதனால்தான் வீட்டு முற்றத்துக்குக்கூட ஆட்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். மணம் வருவது இறைச்சிக் கொழுப்பும் சாறும் கனலில் சொட்டி, புகையாகித் திரும்ப இறைச்சியில் ஏறும்போது. ஆகவே தோலுரித்த நெஞ்சுத் துண்டை வாங்கிவிட்டு மணம் இல்லை என்று குறை சொல்லக்கூடாது. தோலோடு தொடை கேளுங்கள். ஓவனிலும் காஸ் தட்டிலும் கொழுப்பு கனலில் விழ வழியே இல்லை. நீங்கள் கண்ட ஸ்கேல் கோடு இரும்புத் தட்டின் கோடு.

இன்னொன்று, பச்சை இறைச்சித் தட்டு. எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு கெதியாகக் குறைகிறது என்று பாருங்கள். சில கடைகளில் கோழியைப் பின்நேரமே அரைவேக்காடாக அவித்து வைத்து, ஓடர் வந்ததும் சுட்டுத் தருவார்கள். அதில் குற்றமில்லை, கூட்டம் கூடிய தெருவில் வேறு வழியும் இல்லை. ஆனால் அவித்தது குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். மேசைக்குக் கீழே பேசினில் மூடி வைத்திருந்தால் வேண்டாம்.

கோழி வந்ததும் தொடை மூட்டைப் பிரித்துப் பாருங்கள். எலும்போடு ஒட்டிய இடம் கொஞ்சம் சிவந்திருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். இளங்கோழியில் எலும்பு மச்சையின் நிறம் வெந்த பிறகும் அப்படி நிற்கும். சதை வழுவழுவென்று இருந்து சாறும் சிவப்பாக ஓடினால்தான் திருப்பி அனுப்ப வேண்டும். சமையல்காரர்கள் வெப்பமானி குத்திப் பார்க்கும் கணக்கு 74 பாகை செல்சியஸ். புதுக்கடையில் வெப்பமானியைத் தேடாதீர்கள், அந்த ஐம்பது வயதுக்காரரின் விரல்தான் வெப்பமானி.

காலிமுகத்திடலைப் பற்றி: நல்ல இடம், நானும் பிள்ளைகளோடு போவேன். ஆனால் கடல்காற்று கரிக்கு எதிரி. ஒருபக்கம் ஊதி எரிக்கும், மறுபக்கம் அணைக்கும். அங்கே சுடுபவர்களின் பாடு எனக்குத் தெரியும். மணலையும் காற்றையும் பார்க்கப் போனால் காலிமுகம், இறைச்சிக்காகப் போனால் புதுக்கடை.


ஜாவா ஒழுங்கை எழுதியது:

கரி விற்கிற அண்ணன் கரியைப் புகழாமல் வேறெதைப் புகழுவார்! ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, ஈரக் கரியைத் தவிர. அவருடைய மூட்டையிலும் பொரி பறந்ததை நான் கண்டிருக்கிறேன்.

நான் கொம்பனித்தெரு. உம்மா பக்கம் மலாய் ஆட்கள். ஒல்லாந்தர் காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள் எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன. பாபிகியூ என்றால் எங்களுக்கு முதலில் சாத்தே. சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி, எலுமிச்சைப்புல் அரைத்து ஊறவைத்து ஈர்க்கில் கோர்த்துச் சுடுவது. எலுமிச்சைப்புல் தண்டின் அடியை நசுக்கி, அதையே தூரிகையாக வைத்து எண்ணெய் தடவுவார் என் பெரியம்மா. தொட்டுக்கொள்ள நிலக்கடலைச் சோஸ். துண்டு சின்னது என்பதால் கரி ரொம்பக் கிட்ட இருக்க வேண்டும், கை எடுக்காமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கடைகளில் ஒழுங்காகக் கிடைப்பது குறைவு. வீடுகளில் ஓடர் எடுத்துச் செய்பவர்கள்தான் நன்றாகச் செய்கிறார்கள். பதினொரு பேர் கடையில் உட்கார்ந்து சாப்பிட வழி இல்லை, ஆனால் அலுவலகத்துக்கு ஒருநாள் எடுப்பித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், சகோதரி. புதுக்கடையில் பெரும்பாலும் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள், ஆகவே அந்த மூன்று பேருக்கும் பிரச்சினை இல்லை. மாடு சாப்பிடாத உங்களுக்குத்தான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோழியையும் மாட்டையும் அநேகமாக ஒரே கம்பித்தட்டில்தான் சுடுகிறார்கள், தூரிகையும் ஒன்றுதான். அது உங்களுக்கு ஒத்துவராது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். “கோழிக்கு வேறு தட்டுப் போடுங்கள் நானா” என்றால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். எட்டு மணிக்கு முன்பு போனால்தான் அதற்கெல்லாம் இடம் இருக்கும். கூட்டம் ஏறிவிட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

அங்கே மது கிடையாது என்பதையும் உங்கள் ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போய் உட்கார்ந்த பிறகு “ஒரு பியர்” என்று கேட்டு முழிப்பவர்களை வாராவாரம் காண்கிறோம். நோன்பு மாதத்தில் போகிறீர்கள் என்றால் நோன்பு திறந்த பிறகு தொடங்கி சஹர்வரை திருவிழாதான், ஆனால் கதிரை கிடைக்காது.

பாபத் சாப்பிடும் ஆள் யாராவது இருந்தால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். நன்றாகக் கழுவி, பஞ்சுபோல ஆகாமல் அளவாக அவித்து, பிறகு கனலில் ஓரம் முறுக விட்டது. ரோஸ்ட் பாணோடு.


டெக்சாஸ் தம்பி எழுதியது:

மன்னிக்க வேண்டும், ஆனால் நீங்கள் எல்லாரும் கதைப்பது கிரில். பாபிகியூ இல்லை. நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். இங்கே பாபிகியூ என்றால் மாட்டின் நெஞ்சுப் பகுதி, பிரிஸ்கெட். உப்பும் மிளகும் மட்டும் தடவி, ஓக் விறகுப் புகையில் 110 முதல் 120 பாகை செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கிடக்கும். உள்ளே 90 பாகையைத் தாண்டும்வரை விடுவார்கள், அப்போதுதான் அந்தக் கடின நார் எல்லாம் கரைந்து ஜெலட்டின் ஆகும். கத்தி வைத்தாலே விட்டுக்கொடுக்கும். நெருப்பு ஒரு பெட்டியில், இறைச்சி இன்னொரு பெட்டியில். நேரடிக் கனலே கிடையாது. டெனசியில் மெம்பிஸ் பக்கம் பன்றி விலா, கரோலைனாக்களில் பன்றியும் வினாகிரிச் சோஸும், கன்சாஸ் சிட்டியில் கெட்டியான இனிப்புச் சோஸ். கொழும்பில் அப்படிப் புகையில் கிடத்தும் கடை ஏதாவது வந்திருக்கிறதா? டிசம்பரில் வருகிறேன்.


கொட்டாஞ்சேனை கரிக்கடை எழுதியது:

தம்பி, பாபிகியூ என்று எதைச் சொல்ல வேண்டும் என்ற வழக்கை நீங்கள் பகலில் புதுக்கடைக்குக் கொண்டுவாருங்கள், அதற்குத்தான் அங்கே நீதிமன்றம் இருக்கிறது. நாங்கள் இரவில் வருகிறோம்.

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். இங்கே அந்த முறை ஏன் வேர்விடவில்லை என்பதற்குக் காரணம் மாட்டில் இருக்கிறது. எங்கள் ஊர் மாடு கொழுப்பில்லாத மாடு. தீனி போட்டு இறைச்சிக்கென்றே வளர்த்ததில்லை. மேய்ந்து வளர்ந்தது, பாதி வண்டியோ ஏரோ இழுத்தது. அந்த நெஞ்சுத் துண்டைப் பன்னிரண்டு மணித்தியாலம் புகையில் வைத்தால் செருப்புத்தான் மிஞ்சும். அதனால் எங்கள் ஆட்கள் மெல்லியதாகச் சீவி, பச்சைப் பப்பாசிக்காய் அரைத்துப் பூசி ஊறவைக்கிறார்கள். பப்பாசிப் பால் நாரை உடைக்கும். பிறகு உள்ளி, மிளகு, கொச்சிக்காய்த்தூள், தேசிக்காய். கடும் கனலில் கொஞ்ச நேரம். வெளிநாட்டு மாட்டிறைச்சி வாங்கிப் புகைப்பவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அது தங்கச்சியின் நாலாயிரத்துக்குள் வராது. நீங்கள் டிசம்பரில் வந்தால் முப்பத்தொராம் தேதிக்கு முதல் வாருங்கள். எங்கள் கொட்டாஞ்சேனையில் வருடத்திலேயே அதிகம் கரி போவது அன்றைக்குத்தான். முடுக்குக்கு முடுக்கு ஒரு அடுப்பு, தகரப் பீப்பாயைப் பிளந்து கம்பி போட்டது. கறுவா பட்டை உரித்த பிறகு மிஞ்சும் தடியைத் தெற்கிலிருந்து கொண்டுவந்து நான் கொஞ்சம் வைத்திருப்பேன், கரிக்கு மேல் ஒரு தடி போட்டால் போதும்.

தங்கச்சிக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். முதலாவது பில். நீங்களே கணக்காளர், ஆனாலும் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் குட்டியாக இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதை வாசிக்காமல் விடுவது எல்லாருக்கும் பழக்கம். பத்து வீதம் சேவைக் கட்டணம். அதைக் கூட்டிய தொகைக்கு மேல் 18 வீதம் வற் வரி. நூறு ரூபாய்ச் சாப்பாடு 129 ரூபாய் 80 சதம் ஆகிறது. பதினொரு பேருக்கு உங்களிடம் 44,000 இருக்கிறது என்றால் அப்படிப்பட்ட கடையில் மெனு விலையில் 33,898க்குள் நிற்க வேண்டும். தெருக் கடையில் இந்தத் தொல்லை இல்லை. போட்டிருக்கும் விலைதான் விலை, மிச்சத்துக்கு ஃபலூடா குடிக்கலாம்.

இரண்டாவது, பன்றி கேட்கும் தம்பி. எல்லாரையும் ஒரே அடுப்பில் திருப்திப்படுத்தப் பார்க்காதீர்கள். பன்றியும் ஹலாலும் ஒரே இடத்தில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஹலால் ஆட்கள் அங்கே நிம்மதியாகச் சாப்பிடமாட்டார்கள், சாப்பிடுவதுபோல நடிப்பார்கள். தம்பி வத்தளை அல்லவா? அவருடைய ஊரிலும் ஜா-எல, நீர்கொழும்புப் பக்கமும் பன்றிக்குக் குறைவே இல்லை. வேறொரு நாள் விருப்பமானவர்கள் நாலு பேர் அவரோடு அங்கே போங்கள். மேசையிலேயே அடுப்பு வைத்துப் பன்றி வயிற்றிறைச்சி சுடும் கொரியக் கடைகளும் கொழும்பில் இருக்கின்றன, அதுவும் நாலு பேர் சேர்ந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை இரவு அவரும் கோழி சாப்பிடட்டும், ஒன்றும் குறையாது.

சைவ அக்காவுக்கு மட்டும் புதுக்கடையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மனச்சாட்சியோடு சொல்கிறேன். இறைச்சித் தட்டில் வாட்டிய காளானை நீட்டுவார்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பவருக்கு அது ஆகுமா? வரும் வழியில் தோசை பார்சல் ஒன்று கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மேசையில் வைத்துச் சாப்பிட யாரும் தடுக்கமாட்டார்கள். அன்னாசி துண்டு போட்டு மிளகாய்த்தூளும் உப்பும் தூவியது பக்கத்தில் கிடைக்கும்.

போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை, விழுகிறதா என்று கலண்டர் பாருங்கள். போயாவுக்கு இறைச்சிக்கடைகள் பூட்டு. முதல்நாள் வாங்கி வைத்ததைத்தான் சுடுவார்கள், அதுவும் பாதிக் கடைகள்.


வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கரிக்கடை அண்ணா, உங்கள் 129.80 கணக்கை எங்கள் குழுவில் போட்டேன், போன வருடப் பில்லோடு சதம் பிசகாமல் ஒத்துப்போகிறது என்று ஒருவர் சரிபார்த்துச் சொல்லிவிட்டார். அந்தப் பில்லை இன்னும் வைத்திருக்கிறார்!

புதுக்கடை என்று முடிவு. போயா அடுத்த கிழமைதான், பார்த்துவிட்டேன். வத்தளைத் தம்பி ஒருமாதிரி சம்மதித்தார், கொரியக் கடைக்கு வேறு நாள் போவதென்ற உடன்பாட்டில். சைவ அக்காவிடம் தோசை யோசனையைச் சொன்னேன். தனக்கு மட்டும் போதாது, எல்லாரும் பங்கு கேட்பார்கள், ஐந்து பார்சல் கட்டுகிறேன் என்கிறார்.

மிச்சம் இருப்பது இரண்டு. வான் பிடித்துப் போனால் எங்கே நிறுத்துவது? மேலாளர் ஐயா அதிகம் நடக்கமாட்டார், ஆகவே தெரு முழுக்க நடந்து பார்க்கும் வேலையை யார் செய்வது?


ஜாவா ஒழுங்கை எழுதியது:

வானைத் தெருவுக்குள் விடவேண்டாம், திருப்பவே முடியாது. முனையில் இறங்கிவிட்டு வானை அனுப்பிவிடுங்கள், திரும்பும்போது கோல் எடுத்தால் வரட்டும். அல்லது பிக்மீ செயலியில் மூன்று நாலு ஓட்டோ. ஐயாவை முனைக் கடையில் ஒரு பிளேன்டீயோடு உட்கார வையுங்கள். நீங்களும் இன்னொருவரும் மட்டும் நடந்து பாருங்கள், பதினொரு பேராக நடந்தால் கடைக்காரர்கள் உங்களை விடமாட்டார்கள். முதுகோடு சாயக்கூடிய கதிரையா என்று பாருங்கள், சில இடத்தில் வெறும் ஸ்டூல்தான்.


கொட்டாஞ்சேனை கரிக்கடை எழுதியது:

ஏழு, ஏழரைக்கு அங்கே நில்லுங்கள், தங்கச்சி. அந்த நேரம் முதல் கரி பதமாகி இருக்கும், இரண்டாவது மூட்டை இன்னும் கொட்டியிருக்கமாட்டார்கள். பதினொரு பேருக்கும் ஒரே தடவையில் சொல்லாதீர்கள். முதலில் இரண்டு பாதிக் கோழி, ஒரு மாடு, ரோஸ்ட் பாண். அது வந்து ருசி பார்த்த பிறகு மிச்சத்தைச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் காசைக் கொடுத்துவிட்டு எதிர்க்கடைக்கு மாறலாம், அந்தத் தெருவில் யாரும் அதற்குக் கோபிக்கமாட்டார்கள். இரண்டாவது மூட்டை கொட்டியதும் கரி திரும்பப் பதமாக அரை மணித்தியாலமாவது எடுக்கும், அந்த நேரத்தில் ஓடர் கொடுக்காமல் ஃபலூடாவுக்குச் சொல்லுங்கள்.